நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கும் மின்னஞ்சல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

புதுச்சேரியில் சனி, ஞாயிறு வந்தால் எங்கேயாவது ஏதாவது நடக்கும். கம்பன் கலையரங்கில் ஒரு விழா, அலியான்ஸ் பிரான்சேஸில் ஒரு படம், லாஸ்பேட்டையில் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஓவியப் பயிற்சி. நடத்துகிறவர்கள் விளம்பரத்துக்குச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். நல்லதாக ஒரு போஸ்டர் தயார் செய்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவார்கள், தெரிந்த குழுக்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். அதைச் செய்யுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். குழுவில் போட்டது அன்று மாலைக்குள் மேலே போய்விடும். நிகழ்ச்சிக்கு முதல் நாள் ராத்திரி “எத்தனை மணிக்கு, எந்தத் தெரு?” என்று தேடுகிறவருக்கு இரண்டும் கைகொடுக்காது. மின்னஞ்சல் கைகொடுக்கும். தேடும் இடத்தில் நிகழ்ச்சி நடக்கும் ஊரை, உதாரணமாக “வில்லியனூர்” என்று, அடித்தால் போதும், வந்து நிற்கும்.

மின்னஞ்சல் சந்தைப்படுத்தல் என்று பெரிதாகப் பெயர் வைத்தாலும் விஷயம் எளிது. உங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பி முகவரி கொடுத்தவர்களின் பட்டியல் ஒன்று உங்களிடம் இருக்கிறது. நிகழ்ச்சி நாளைக் கணக்கில் வைத்து அவர்களுக்குச் சில கடிதங்கள் எழுதுகிறீர்கள். ஒவ்வொரு கடிதமும் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்கிறது. அவ்வளவுதான். இதில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் “விரும்பி முகவரி கொடுத்தவர்கள்” என்கிற பகுதி. கல்யாணத்துக்கு வீட்டுக்குப் போய்ப் பத்திரிகை வைப்பதற்கும், சிக்னலில் நிற்கும் வண்டிகளில் நோட்டீஸ் செருகுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

இந்த வித்தியாசம் மின்னஞ்சல் பிறந்த சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. 1978 மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி தூர்க், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். அவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. உலகின் முதல் ஸ்பாம், அதாவது கேட்காமலே மொத்தமாக வந்து விழும் விளம்பர அஞ்சல், என்று இன்று அதைத்தான் சொல்கிறார்கள். அதில் இருந்தது என்ன தெரியுமா? நிகழ்ச்சி அழைப்பு. கலிஃபோர்னியாவில் தங்கள் புதிய கணினியைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்பதுதான் செய்தி. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவர்கள் கடுமையாக ஆட்சேபித்தார்கள். அழைப்பு நல்ல அழைப்பாகவே இருந்திருக்கலாம். கேட்காதவர்களுக்குப் போனதுதான் பிரச்சினை.

ஆகவே முகவரிப் பட்டியலை யாரிடமும் விலைக்கு வாங்காதீர்கள். “என்னிடம் பாண்டிச்சேரி டாக்டர்கள் ஐயாயிரம் பேர் மெயில் ஐடி இருக்கு, தரட்டுமா?” என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நண்பர் நடத்தும் சங்கத்தின் பட்டியலையும் கடன் வாங்கக் கூடாது. அந்த உறுப்பினர்கள் முகவரி கொடுத்தது அவருக்கு, உங்களுக்கு அல்ல. நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் வலியுறுத்துகிறது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும், அந்தக் காரியத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகளுக்கான கோடை முகாம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் பட்டியலை எங்கிருந்து தொடங்குவது? உங்கள் முந்தைய நிகழ்ச்சியில் இருந்து. வாசலில் வைக்கும் வருகைப் பதிவேட்டில் பெயர், ஊர், போன் நம்பர் என்று பத்திகள் இருக்கும். மின்னஞ்சலுக்கு ஒரு பத்தி சேருங்கள். அதற்குப் பக்கத்தில் “அடுத்த நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு மெயில் அனுப்பலாம்” என்று எழுதி, டிக் போட ஒரு சின்னக் கட்டம் விடுங்கள். டிக் போட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

கையால் எழுதிய முகவரியில் ஒரு சங்கடம் உண்டு. கூட்டம் முடிந்து நோட்டைத் திறந்தால் ஒன்றா எல்-ஆ, ஐந்தா எஸ்-ஆ என்று புரியாது. அடிக்கோடு போட்டாரா, வெறும் கோடா? “ஜிமெயில்” என்ற சொல்லின் எழுத்துகளையே இடம் மாற்றி எழுதியவரும் இருப்பார். தப்பான முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வரும், இதைத்தான் பவுன்ஸ் என்பார்கள். பவுன்ஸ் நிறைய ஆனால் ஜிமெயில் போன்ற சேவைகளிடம் உங்கள் பெயர் கெடும். அதனால் நோட்டுக்குப் பக்கத்திலேயே க்யூஆர் கோடு ஒன்றை அச்சடித்து ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் கூகுள் ஃபார்ம் திறக்கட்டும், அவரவர் போனில் அவரவரே அடித்துக்கொள்ளட்டும். வயதில் பெரியவர்களுக்கு மட்டும் நோட்டு இருக்கட்டும், பக்கத்தில் நிற்கும் தன்னார்வலர் முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துவிடலாம்.

இப்படிச் சேர்த்த 120 பேர் பட்டியல், எங்கிருந்தோ வந்த ஐயாயிரம் பேரைவிட உங்கள் நாற்காலிகளை நிரப்பும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்

வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடு, ஓர் ஊருக்கே உரிய பொருள் என்று காட்டும் புவிசார் குறியீடு பெற்றது. புதுச்சேரியில் இருந்து பத்து கிலோமீட்டர் போலத்தான் இருக்கும், ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்தக் களிமண்ணைத் தொட்டதில்லை. அங்கே ஒரு சனிக்கிழமை அரை நாள் பயிலரங்கு நடத்தப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 இடம், கட்டணம் 300 ரூபாய். நாள் 2026 பிப்ரவரி 7.

நாள் குறிக்கும்போதே மின்னஞ்சல் வேலையும் தொடங்கிவிடுகிறது. மழைக்காலம் முடிந்திருக்க வேண்டும், பள்ளித் தேர்வு நெருங்கியிருக்கக் கூடாது. மாசி மகத்தன்று வைத்தால் வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் ஊரே திரண்டிருக்கும், யாரும் வர மாட்டார்கள். நாள் தப்பாக அமைந்துவிட்டால் எவ்வளவு நல்ல கடிதம் எழுதினாலும் ஆள் சேராது.

முதலில் படிக்கிறவர் கண்ணில் படுவது சப்ஜெக்ட் லைன், அதாவது தலைப்பு வரி. போன் திரையில் அது முழுதாகத் தெரியாது. தமிழில் சொற்கள் நீளம் என்பதால் மூன்று, நான்கு சொற்களுக்குள் வரி வெட்டுப்பட்டுவிடும். ஆகவே முக்கியமானதை முன்னால் வையுங்கள். “எங்கள் அமைப்பின் சார்பில் நடைபெறவிருக்கும் மாபெரும்…” என்று தொடங்கினால் திரையில் தெரிவது அது மட்டும்தான், என்ன நிகழ்ச்சி என்றே தெரியாது. “களிமண் பயிலரங்கு, பிப். 7, வில்லியனூர்” என்று எழுதினால் என்ன, எப்போது, எங்கே மூன்றும் வந்துவிட்டன. “அவசரம்!!!”, “கடைசி வாய்ப்பு!!!” என்று ஆச்சரியக்குறி அடுக்க வேண்டாம். இன்னும் பத்து இடம் இருக்கும்போது கடைசி வாய்ப்பு என்று எழுதுவது பொய். ஒருமுறை பொய் என்று தெரிந்துவிட்டால் உங்கள் அடுத்த கடிதத்தை யாரும் திறக்க மாட்டார்கள்.

தலைப்புக்குப் பக்கத்திலேயே அனுப்புநர் பெயர் தெரியும். அமைப்பின் பெயரோடு, ஊரில் தெரிந்த ஒருவர் பெயரையும் சேர்த்துப் போட்டால் நம்பிக்கை வரும். “நோ-ரிப்ளை” என்ற முகவரியில் இருந்து ஒருபோதும் அனுப்பாதீர்கள். சந்தேகம் கேட்டுப் பதில் எழுத நினைக்கிறவர்தான் வரப்போகிறவர். அவருக்குக் கதவைச் சாத்தக் கூடாது.

கடிதத்தின் உள்ளே இப்படி இருக்கலாம்:

“வணக்கம். பிப்ரவரி 7, சனிக்கிழமை காலை 9.30 முதல் 1 மணி வரை வில்லியனூரில் சுடுமண் பயிலரங்கு நடத்துகிறோம். மண் பிசைவதில் தொடங்கி, நீங்களே ஒரு விளக்கும் ஒரு சின்னக் கிண்ணமும் செய்யலாம். முன் அனுபவம் தேவையில்லை. கட்டணம் 300 ரூபாய், களிமண்ணும் காலை டிபனும் அதில் அடக்கம். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம். செய்த பொருளை அன்றே எடுத்துப்போக முடியாது. நன்றாகக் காய்ந்து, சூளையில் வெந்து வரப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். தயாரானதும் மெயில் அனுப்புவோம், வந்து வாங்கிக்கொள்ளலாம். மொத்தம் 40 இடம். கீழே உள்ள பட்டனைத் தொட்டுப் பதிவு செய்யுங்கள்.”

அப்புறம் பட்டன். ஒரே ஒரு பட்டன். பதிவுக்கு ஒன்று, ஃபேஸ்புக்குக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று என்று நான்கு வைத்தால் படிக்கிறவர் எதையாவது தொட்டு எங்கேயாவது போய்விடுவார். இந்தக் கடிதத்தின் காரியம் பதிவு. மற்றதெல்லாம் இன்னொரு நாள்.

மேலே உள்ள கடிதத்தில் சூளை பற்றிய வரியைப் பாருங்கள். அது இல்லாவிட்டால் நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் “என் விளக்கு எங்கே?” என்று கேட்டு முகம் வாடும். வரப்போகிறவர் மனத்தில் எழும் கேள்விகளுக்குக் கடிதத்திலேயே பதில் இருக்க வேண்டும். என்ன உடை போட்டு வருவது, கை கழுவத் தண்ணீர் இருக்குமா, வண்டி நிறுத்த இடம் உண்டா, பஸ்ஸில் வந்தால் எங்கே இறங்குவது? விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதையில் வில்லியனூர் நிலையம் இருக்கிறது, அதையும் சொல்லுங்கள். கடலூரில் இருந்து வருகிறவருக்கு முதலில் புதுச்சேரி பஸ் நிலையம், அங்கிருந்து இன்னொரு பஸ். காலை 9.30-க்கு வந்து சேர மஞ்சக்குப்பத்தில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டு எழுதினால், “தூரமாச்சே” என்று தயங்குகிறவரும் கிளம்பிவிடுவார்.

போஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அழகான போஸ்டரை அப்படியே மெயிலில் ஒட்டி, வேறு ஒரு வரிகூட எழுதாமல் அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். சில போன்களில் படம் தானாகத் திறக்காது, வெறும் வெள்ளைக் கட்டம்தான் தெரியும். படத்துக்குள் இருக்கும் போன் நம்பரைத் தொட்டு அழைக்க முடியாது, முகவரியைக் காப்பி செய்து மேப்பில் போட முடியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரை வாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. படம் ஒன்று இருக்கட்டும், ஆனால் நாள், நேரம், இடம், நம்பர் எல்லாம் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

எத்தனை கடிதம், எப்போது?

நிகழ்ச்சி நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நம் உதாரணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் அழைப்பு, பத்து நாளைக்கு முன் நினைவூட்டல், அப்புறம் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் முதல் நாள் ஒரு சின்னக் கடிதம். அரை நாள் பயிலரங்குக்கு இது போதும். வெளியூரில் இருந்து அறை எடுத்துத் தங்க வேண்டிய விழா என்றால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

இரண்டாவது கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் கடிதத்தையே எல்லோருக்கும் திரும்ப அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே பணம் கட்டியவருக்கும் “இன்னும் பதிவு செய்யவில்லையா?” என்று போகும். அவருக்கு எரிச்சல் வராதா? பதிவு செய்தவர்களைப் பட்டியலில் இருந்து பிரித்துவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். அதிலும் புதிதாக ஏதாவது சொல்லுங்கள். சூளையின் படம், கற்றுத்தரப்போகிறவர் எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார், இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்ற உண்மையான எண்ணிக்கை.

பட்டியலைப் பிரிப்பது புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு விதத்திலும் தேவைப்படும். இங்கே பல குடும்பங்களில் அண்ணனோ அத்தையோ பிரான்ஸில் இருக்கிறார்கள், அவர்களும் ஊர் நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ள ஆசையாக முகவரி கொடுத்திருப்பார்கள். நாம் காலை 10 மணிக்கு அனுப்பினால் குளிர்காலத்தில் பாரீஸில் அப்போது விடிகாலை 5.30, கோடையில் 6.30. அதைவிட முக்கியம், அடுத்த சனிக்கிழமை நடக்கும் பயிலரங்குக்கு அவர்கள் விமானம் ஏறி வரப்போவதில்லை. அவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாதங்களில் என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே அனுப்பினால் டிக்கெட் போடும்போதே கணக்கில் வைத்துக்கொள்வார்கள். சிலருக்குத் தமிழைவிடப் பிரெஞ்சு சுலபமாக இருக்கலாம். ஃபார்மில் “எந்த மொழியில் அனுப்பட்டும்?” என்று ஒரு கேள்வி சேர்ப்பது நல்லது.

முதல் நாள் கடிதத்தில் விளம்பரம் எதுவும் வேண்டாம். நேரம், மேப் லிங்க், அழைக்க ஒரு நம்பர், கொண்டுவர வேண்டியது ஒரு பழைய துண்டு. பதிவு செய்த உடனே போகும் உறுதிக் கடிதத்தில் நாள்காட்டியில் சேர்க்கும் லிங்க் ஒன்றையும் வைத்துவிட்டால், அவர் போனே அவருக்கு நினைவூட்டும்.

மழை. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல், இரண்டுமே நம் கரையில்தான் ஏறின. அந்த மாதங்களில் நிகழ்ச்சி வைத்தால், ஒத்திவைப்புக் கடிதத்தை முன்பே எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டும் நெட்டும் போன பிறகு உட்கார்ந்து எழுத முடியாது. அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: நிகழ்ச்சி நாளை இல்லை, புதிய நாள் எப்போது தெரியும், கட்டிய பணம் என்ன ஆகும். தலைப்பு வரியின் முதல் சொல்லே “ஒத்திவைப்பு” என்று இருக்கட்டும்.

இன்பாக்ஸில் போய்ச் சேருமா?

40, 50 பேர் என்றால் சாதாரண ஜிமெயிலில் இருந்தே அனுப்பலாம். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு. அப்படி அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் பிசிசி கட்டத்தில் போடுங்கள். “டு” கட்டத்தில் போட்டால் ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம்பிக் கொடுத்த முகவரியை ஊருக்கே காட்டுவது பெரிய தப்பு.

பட்டியல் நூறைத் தாண்டினால் அதற்கென்றே இருக்கும் சேவைகளுக்குப் போவது நல்லது. மெயில்சிம்ப், பிரேவோ, நம் தமிழ்நாட்டில் வேர்விட்ட ஸோஹோவின் கேம்பெய்ன்ஸ் என்று பல உண்டு. பட்டியலைப் பிரிப்பது, நேரம் குறித்து அனுப்புவது, பட்டியலில் இருந்து விலகுவதற்கான அன்சப்ஸ்கிரைப் லிங்க் சேர்ப்பது எல்லாம் இவற்றில் தயாராக இருக்கும். அமைப்புக்கென்று சொந்த டொமைன், அதாவது மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வாங்கி அதில் இருந்து அனுப்புங்கள். இந்தச் சேவைகள் வழியாக ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டால் ஸ்பாமில் விழும் வாய்ப்பு அதிகம். கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனில் இருந்துதான் வந்தது என்று நிரூபிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேவை நிறுவனம் கொடுக்கும் வரிகளை டொமைன் வாங்கிய இடத்தில் போய் ஒட்டுவதுதான் வேலை, கணினி தெரிந்த பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும்.

ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும், ஒரே தொடுதலில் விலகும் வசதியும் 2024-இல் இருந்து கட்டாயம். ஸ்பாம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்றும் கூகுள் சொல்கிறது. ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்றே பேர். நம் பட்டியல் அவ்வளவு பெரிதில்லை என்றாலும் அந்த விகிதம் ஒரு பாடம். அன்சப்ஸ்கிரைப் லிங்க்கைக் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் ஒளித்து வைத்தால், விலக நினைக்கிறவர் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். விலகுகிறவரை நல்லபடியாக விலக விடுங்கள், அது உங்களுக்குத்தான் லாபம்.

அனுப்பிய பிறகு, எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை ஒரு எண்ணைக் காட்டும். அதை முழுக்க நம்பாதீர்கள். கடிதத்தில் உள்ள படம் தரவிறங்கினால் திறந்துவிட்டார் என்றுதான் அந்தக் கணக்கு. 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி கடிதத்தில் உள்ள படங்களைத் தானே முன்கூட்டித் தரவிறக்கிவிடுகிறது, அதனால் திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்காகும். எத்தனை பேர் பட்டனைத் தொட்டார்கள், எத்தனை பேர் பதிவு செய்தார்கள், அன்று காலை எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பாருங்கள். நிறையப் பேர் தொட்டும் சிலரே பதிவு செய்தால் கோளாறு ஃபார்மில் இருக்கும். கேள்விகள் அதிகமா, பணம் கட்டும் பக்கம் போனில் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தொட்டவர்களே குறைவு என்றால் கடிதத்தையும் தலைப்பையும் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்து இரண்டு நாளுக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும். வந்தவர்களுக்கு ஒன்று, படங்களோடு. பதிவு செய்தும் வராதவர்களுக்கு வேறொன்று. அதில் குறை சொல்லாமல், அடுத்த முறை எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். பத்து, பன்னிரண்டு நாள் கழித்து “உங்கள் விளக்கு தயார்” என்ற கடிதம். வாங்க வரும் நேரத்தையும், அடுத்த பயிலரங்கின் நாளையும் அதிலேயே எழுதலாம். அதோடு, திரும்பி வந்த முகவரிகளை அன்றே நீக்கிவிடுங்கள். ஒரு வருடமாக எதையும் தொடாதவர்களுக்கு “இன்னும் அனுப்பட்டுமா?” என்று ஒரே ஒரு முறை கேட்டு, பதில் இல்லையென்றால் அவர்களையும் எடுத்துவிடுங்கள்.